ஒரே சோர்வுக்கு இரண்டு குளிசைகள் ஏன்?

வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது. தந்தையார் காலமாகி ஓராண்டுக்கு மேலாகியும் அறுபத்திரண்டு வயதான அம்மா தேறவில்லை. உறக்கமில்லை, சாப்பாட்டில் நாட்டமில்லை, பேரப்பிள்ளைகள் வந்து நின்றாலும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மனநல மருத்துவர் மனச்சோர்வென்று சொல்லி, செர்ட்ரலின் என்ற மருந்தை 50 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். முதல் வாரத்தில் குமட்டலும் படபடப்பும்தான் கண்ட பலன். ஆறாம் வாரத்தில் பாதி தேறிய நிலை. அப்போது மருத்துவர் செர்ட்ரலினின் அளவைக் கூட்டாமல், இரவில் குடிக்கும்படி மேர்ட்டசபின் என்ற இன்னொரு மனச்சோர்வு மருந்தை 15 மில்லிகிராம் சேர்த்தார். மருந்தகத்தில் நின்ற இளைஞர், "ரெண்டும் ஒரே வருத்தத்துக்குத்தானே அக்கா" என்று சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவிலிருக்கும் தம்பியோ, மூளையில் செரட்டோனின் என்ற இரசாயனம் குறைவதால்தான் இந்நோய் வருகிறது என்ற கதையே பொய்யென்று 2022 ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார்கள், அம்மாவுக்கு ஏன் வீணாக மருந்து கொடுக்கிறீர்கள் என்று தொலைபேசியில் சண்டை பிடித்திருக்கிறார். செரட்டோனின் குறைவுதான் நோயென்றால் அதைக் கூட்டும் ஒரு குளிசை போதாதா, குறைவே இல்லையென்றால் அந்த ஒன்றும் எதற்கு என்பது ஆசிரியையின் கேள்வி.

நான் கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு நெடுங்காலம் மருந்தியல் கற்பித்தவன். மனநல மருத்துவன் அல்லன். ஆகவே உங்கள் அம்மாவின் சிகிச்சை சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த இரண்டு குளிசைகளும் மூளைக்குள் போய் எதைத் தொடுகின்றன, ஒன்றைத் தொட்டால் மற்றொன்று ஏன் அசைகிறது என்பதைச் சொல்லலாம். மருந்தகத்து இளைஞருக்கும் ரொறன்ரோத் தம்பிக்கும் சேர்த்தே அது பதிலாகும்.

நம்மில் பெரும்பாலோர் மனதில் இருப்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியின் படம். தாங்கியில் செரட்டோனின் குறைந்துவிட்டது, குளிசை அதை நிரப்புகிறது, நிரம்பியதும் மனம் தெளிகிறது. கேட்பதற்கு இலகுவான இந்தப் படத்தை மருந்து விளம்பரங்களும், உண்மையைச் சொன்னால் அவசரத்திலிருக்கும் மருத்துவர்களும்தான் பரப்பினார்கள். நானும் முதலாண்டு மாணவர்களுக்கு அப்படிச் சொல்லி நேரத்தை மிச்சப்படுத்தியதுண்டு. ஆனால் குளிசையைக் குடித்த சில மணித்தியாலங்களிலேயே அது தன் இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. தாங்கிதான் காரணமென்றால் அன்று மாலையே அம்மா எழுந்து தலைவாரியிருக்க வேண்டும். ஆறு வாரம் ஏன் சென்றது என்பதற்குத் தாங்கிப் படத்தில் விடை கிடையாது.

உண்மையில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்தோடு பேச விரும்பும்போது, இரண்டுக்கும் இடையிலுள்ள, ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அகலமான இடைவெளிக்குள் ஓர் இரசாயனத்தைக் கொட்டுகிறது. அதை நரம்புக் கடத்தி என்கிறோம். அது எதிர்க்கரையிலுள்ள வாங்கிகளில் பொருந்திச் செய்தியைச் சேர்க்கிறது. பிறகு, கொட்டிய கலமே அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. செர்ட்ரலின், ஃபுளுஒக்செற்றின், எஸ்சிற்றலோபிராம் முதலியவை செரட்டோனினை மீள உறிஞ்சும் அந்தப் பம்பியை அடைக்கின்றன. வழமையான மிகக் குறைந்த சிகிச்சை அளவிலேயே பம்பிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அடைபட்டுவிடுவதைப் படமெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அளவை இரட்டித்தால் அடைபடுவது இரட்டிக்காது. மிச்சமிருக்கும் 20 சதவீதத்தில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அளவைக் கூட்டிப் பயன்பெறுவோர் இருக்கிறார்கள் என்றாலும், மருத்துவர் அந்த வழியில் போகாமல் வேறொரு வாசலைத் தேடியதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

செரட்டோனினைக் கொட்டும் கலங்கள் மூளைத்தண்டின் நடுக்கோட்டில் கூட்டமாக இருக்கின்றன. மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களில் அவை சில இலட்சமே. ஆனால் அவற்றின் கிளைகள் எட்டாத இடம் மூளையில் மிக அரிது. நோரட்ரினலின் என்ற இன்னொரு கடத்தியைக் கொட்டும் கலங்கள் இன்னும் குறைவு, சில பத்தாயிரம்தான். அவற்றின் முதன்மையான கூட்டம் மூளைத்தண்டின் மேற்பகுதியில் நீலப்புள்ளி எனப்படும் சிறு இடத்தில் உள்ளது. உடற்கூற்று ஆய்வுகூடத்தில் வெட்டி வைத்த மூளைத்தண்டில் அது ஒரு கருநீலப் பொட்டாகத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு மாணவர் அதை அழுக்கென்று நினைத்துக் கையுறை விரலால் துடைக்கப் பார்ப்பார். விழிப்பு, கவனம், ஆபத்தைக் கண்டு திடுக்கிடுதல் எல்லாம் அந்தப் பொட்டின் பொறுப்பில் வருபவை. டோபமின் என்ற மூன்றாவது கடத்தியைக் கொட்டும் கலங்கள் நடுமூளையில் இருந்துகொண்டு, ஒன்றை விரும்பி அதை நோக்கி எழுந்து நடப்பதற்கான உந்துதலை ஊட்டுகின்றன. இவை மூன்றும் ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் வைத்திருக்கின்றன என்பதுதான் இந்தப் பதிலின் உயிர்நிலை.

தம்பியின் வாதத்துக்கு விடை சொல்லச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். நமது ஆயுர்வேத வைத்தியர்கள் பித்துக்கும் உறக்கமின்மைக்கும் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துவந்தார்கள். சிங்கள வைத்தியத்தில் அது ஏகவேரிய. அதிலிருந்து 1952 இல் ரெசர்பின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தத்துக்கு அதைக் குடித்தவர்களில் சிலர் கடுமையாகச் சோர்ந்துபோனதாக மருத்துவர்கள் எழுதினார்கள்; ரெசர்பின் மூளைக் கலங்களின் களஞ்சியத்திலிருந்து மேற்சொன்ன மூன்று கடத்திகளையும் வெறுமையாக்குவதும் தெரியவந்தது. அதே காலத்தில் நியூயோர்க்கில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட், நோயாளிகளை எதிர்பாராத உற்சாகத்தில் ஆழ்த்தியது. அது அந்தக் கடத்திகளைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுப்பது. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் வேறொரு நோய்க்கெனச் சோதித்த இமிப்பிரமின் சோர்ந்தவர்களை எழுப்பியதை 1957 இல் அறிவித்தார். அது நோரட்ரினலினின் மீளுறிஞ்சலைத் தடுப்பதை ஜூலியஸ் அக்சல்ரொட்டின் ஆய்வுகூடம் சில ஆண்டுகளுக்குள் காட்டியது. வெறுமையாக்கினால் சோர்வு, தங்கவிட்டால் தெளிவு. எனவே சோர்வென்பதே இவற்றின் குறைவு என்று 1960களில் ஊகித்தார்கள். ஊகம் அழகானது. அழகான ஊகங்களைக் கைவிடுவது ஆய்வாளருக்கும் கடினம்.

2022 இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு, பல்லாண்டு காலச் சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, சோர்வுற்றவர்களிடம் செரட்டோனின் குறைந்திருப்பதற்கு ஒத்திசைவான ஆதாரம் இல்லை என்றது. இத்துறையில் இருந்தவர்களுக்கு இது பெரிய செய்தியன்று. எனினும் தம்பி சொன்னது அந்த அளவில் சரி. அதிலிருந்து அவர் இறக்கிய முடிவுதான் சரியில்லை. நமக்குத் தடிமன் பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம், சுகமாகிறது. தடிமன் கொத்தமல்லிக் குறைவால் வந்ததென்று எந்த அம்மம்மாவும் சொன்னதில்லை. நோய்க்குக் காரணம் எதுவென்பது ஒரு கேள்வி, மருந்து எதைப் பிடித்து இழுத்து உதவுகிறது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கான சான்று தனியே உண்டு: 2018 இல் 522 சோதனைகளையும் 1,16,477 பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வில், எடுத்துக்கொண்ட 21 மருந்துகளும் வெற்றுக் குளிசையை விடச் சிறந்தே நின்றன. வேறுபாடு சராசரியில் பெரிதன்று, பூச்சியமும் அன்று.

இந்த இடத்தில் ஒரு சோதனையைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் நான் வாசித்தவற்றுள் இதைப்போல என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறில்லை. மூளை செரட்டோனினைத் தயாரிக்க டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் வேண்டும். அது உணவிலிருந்து மட்டுமே கிடைக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 1990களில், மருந்தால் தேறிய நோயாளிகளுக்கு டிரிப்டோபான் மட்டும் இல்லாத அமினோ அமிலக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். சில மணித்தியாலங்களில் இரத்தத்தில் டிரிப்டோபான் பெருமளவு வீழ்ந்தது, மூளைக்கு மூலப்பொருள் இல்லாமற் போயிற்று. செரட்டோனின் மீளுறிஞ்சலைத் தடுக்கும் மருந்தால் தேறியிருந்தவர்களில் பலர் அன்றே மீண்டும் சோர்வுக்குள் விழுந்தார்கள். வழமையான சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எழுந்தார்கள். ஆனால் நோரட்ரினலினில் வேலைசெய்யும் டெசிப்பிரமின் குடித்துத் தேறியிருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபுறம், நோரட்ரினலினும் டோபமினும் உருவாவதைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தபோது விழுந்தவர்கள் இந்த டெசிப்பிரமின் குழுவினரே. செரட்டோனின் மருந்துக் குழு பெரும்பாலும் நின்றது. இதுவரை ஒருபோதும் மனச்சோர்வு வந்திராத, குடும்பத்திலும் அந்நோய் இல்லாத நலமானவர்களுக்குச் செரட்டோனினை இப்படிக் குறைத்தாலும் அவர்கள் சோர்ந்துபோவதில்லை.

இதிலிருந்து எனக்குத் தெளிவாவது இதுதான். குறைவு நோயை உண்டாக்கவில்லை. ஆனால் மருந்தால் தேறிய ஒருவரின் தேறுதல், அவர் எந்த வாசலால் உள்ளே வந்தாரோ அந்த வாசல் திறந்திருப்பதில் தங்கியிருக்கிறது. வாசல்கள் வேறு, உள்ளேயிருக்கும் வீடு ஒன்று. ஒரு வாசலால் நுழைந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டால், இன்னொரு வாசலையும் திறந்து பார்ப்பதில் பிழையென்ன என்பதே இரண்டு குளிசைகளுக்கான அடிப்படைச் சிந்தனை.

இனி அந்த ஆறு வாரத்துக்கு வருவோம். செர்ட்ரலின் பம்பியை அடைத்ததும் செரட்டோனின் முதலில் பெருகுவது, அதைத் தயாரிக்கும் கலங்களைச் சுற்றி, மூளைத்தண்டிலேயே. அந்தக் கலங்களின் உடலில் 1ஏ வகை வாங்கிகள் உள்ளன. அவை தாம் கொட்டிய சரக்கைத் தாமே அளந்து பார்க்கும் காவற்காரர். சுற்றிலும் செரட்டோனின் மிகுந்துவிட்டதைக் கண்டதும் அவை கலத்தின் துடிப்பை அடக்கிவிடுகின்றன. ஆகவே முதல் நாட்களில், கூட்டுவதற்கென்று குடித்த மருந்து, அந்தக் கலங்களைச் சோம்பவும் வைக்கிறது; மூளையின் முன்பகுதிக்குப் போய்ச்சேரும் செரட்டோனின் நாம் எதிர்பார்க்கும் அளவுக்குக் கூடுவதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல அந்தக் காவற்காரருக்கு மரத்துப்போகிறது, கலங்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன, பம்பியோ இன்னும் அடைபட்டபடியே இருக்கிறது. அப்போதுதான் தூரத்து முனைகளில் செரட்டோனின் நிலையாக உயர்கிறது. எலிகளில் இதற்கு இரண்டு மூன்று வாரங்கள் செல்வதை மின்முனை வைத்து அளந்திருக்கிறார்கள். காவற்காரரை முதல் நாளே வேறொரு மருந்தால் தடுத்தால் என்ன என்று 1990களில் பிண்டோலோல் என்ற இதய மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சில சோதனைகளில் நோயாளிகள் விரைவாகத் தேறினார்கள், சிலவற்றில் வேறுபாடே இல்லை. கணக்கு முழுமையாகப் பொருந்தவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அம்மாவின் முதல் வாரக் குமட்டலுக்கும் விளக்கம் இங்கேயே இருக்கிறது. உடலின் செரட்டோனினில் பத்தில் ஒன்பது பங்கு மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. குடலில் காவல் தளர்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பம்பி அடைபட்ட அன்றே அங்குள்ள 3 ஆம் வகை வாங்கிகள் தூண்டப்பட்டு வயிறு பிரட்டுகிறது. வேண்டாத பலன் முதல் நாள், வேண்டிய பலன் ஆறாம் வாரம். பலர் குளிசையைக் கைவிடுவது இந்த இடைவெளியில்தான், அதுவும் யாரும் முன்கூட்டியே சொல்லாத காரணத்தால். "விசர்க் குளிசை குடிச்சு இருந்த சீவனும் போச்சு" என்று வீட்டுக்கு வரும் உறவினர் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், குளிசை அட்டை, அலுமாரிக்குள் போய்விடும்.

இப்போது நோரட்ரினலின். செரட்டோனின் கலங்களைத் தட்டி எழுப்பும் கைகளில் ஒன்று நோரட்ரினலினுடையது. நீலப்புள்ளியிலிருந்தும் அதன் அயலிலிருந்தும் வரும் நோரட்ரினலின், செரட்டோனின் கலத்தின் உடலிலுள்ள அல்பா-1 வாங்கிகளைத் தொட்டால் கலம் வேகமாகத் துடிக்கும். ஆனால் அதே நோரட்ரினலின், அதே கலத்தின் தூரத்து முனையிலுள்ள அல்பா-2 வாங்கிகளைத் தொட்டால் செரட்டோனின் கொட்டுவது குறைந்துபோகும். ஒரே கை ஓரிடத்தில் தூண்டுகிறது, இன்னோரிடத்தில் பொத்துகிறது. மறுதிசையில், செரட்டோனின் 2ஏ வகை வாங்கிகள் வழியாகக் காபா என்ற அடக்கும் கடத்தியைக் கொண்ட கலங்களைத் தூண்டி, அவற்றைக்கொண்டு நீலப்புள்ளியை அடக்குகிறது. பல நாட்கள் செரட்டோனின் மருந்து கொடுக்கப்பட்ட எலிகளில் நீலப்புள்ளியின் துடிப்பு குறைவதைக் கனடாவில் பியர் பிளியேயின் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். மனிதரிலும் இப்படியே நடப்பதாகக் கொண்டால், ஒரு கடத்தியைக் கூட்டிய குற்றத்துக்கு இன்னொரு கடத்தி தண்டனை அனுபவிக்கிறது. கவலையும் அழுகையும் குறைந்த பிறகும் களைப்பும் கவனமின்மையும் போகாமல் நிற்கும் சில நோயாளிகளை இது ஓரளவு விளங்க வைக்கிறது.

கொழும்பில் காலி வீதியையும் டூப்ளிகேஷன் வீதியையும் ஒருவழிப் பாதைகளாக்கியதை நினைத்துப் பாருங்கள். மாற்றியது இரண்டு வீதிகளின் திசையை மட்டும். ஆனால் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளெல்லாம் புதிதாக நெரிந்தன, வழக்கமாகக் காலியாயிருந்த சந்தியில் பஸ்கள் நின்றன, சாரதிகள் பழகிப் புது வழிகளைக் கண்டுபிடிக்க நாட்கள் சென்றன. மூளைத்தண்டிலும் ஏறக்குறைய அதுதான்.

மேர்ட்டசபின் செய்வதை இந்தப் பின்னணியில் பார்த்தால் மருந்தகத்து இளைஞர் எங்கே தவறினார் என்பது புரியும். அது எந்தப் பம்பியையும் குறிப்பிடத்தக்க அளவில் அடைப்பதில்லை. அது பொத்தும் கையை விலக்குகிறது. அல்பா-2 வாங்கிகளைத் தடுப்பதால் நோரட்ரினலின் கலங்கள் தம்மைத் தாமே அடக்குவது குறைந்து, நோரட்ரினலின் கூடுதலாகக் கொட்டப்படுகிறது. அது அல்பா-1 வழியே செரட்டோனின் கலங்களைத் தட்டுகிறது. அந்தக் கலங்களின் முனையிலிருந்த அல்பா-2 தடையும் நீங்கியிருப்பதால் செரட்டோனின் தடையின்றி வெளிவருகிறது. இத்துடன் அது செரட்டோனினின் 2 ஆம், 3 ஆம் வகை வாங்கிகளையும் மூடிவிடுகிறது. செரட்டோனினுக்குப் பதினான்கு வகை வாங்கிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தூண்டுவதில் நன்மையும் தொல்லையும் கலந்தே வரும். 3 ஆம் வகை மூடப்பட்டதால் குமட்டல் தணிகிறது. 2சி வகை மூடப்பட்டதால் செரட்டோனின் டோபமின் மீது போட்டிருந்த பிடி தளர்கிறது. செர்ட்ரலின் கூட்டி வைத்த செரட்டோனினுக்கு, மூடாமல் விடப்பட்ட வாங்கிகளே மிஞ்சுகின்றன. ஆகவே இரண்டும் ஒரே வருத்தத்துக்கு என்பது உண்மை; ஒரே வேலையைச் செய்கின்றன என்பது உண்மையல்ல.

அம்மா முதல் இரவே நன்றாக உறங்கியதாகவும், மூன்றாம் நாள் காலையில் தானாகவே இரண்டு இடியப்பமும் சொதியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி, ஆனால் அதைச் சோர்வு தீர்ந்த அடையாளமாக இப்போதே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற இன்னொரு இரசாயனத்தின் வாங்கியையும் செரட்டோனினின் 2சி வகையையும் மேர்ட்டசபின் மூடுவதால் வரும் உறக்கமும் பசியும். இவற்றுக்கு வாரங்கள் தேவையில்லை. மெலிந்துபோன ஒருவருக்கு இந்தப் பக்கவிளைவே பாதி மருந்து, உடல் பருத்தவருக்கோ நீரிழிவுள்ளவருக்கோ அதுவே தலைவலி. பேரப்பிள்ளை பாடிக்காட்டும்போது அம்மா திரும்பிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நோயாளி தனக்கு ஒரு மாற்றமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வீட்டிலுள்ளவர்கள் மாற்றத்தைக் கண்டுவிடுவதுண்டு. நலமான தொண்டர்களே ஒரு வாரம் இத்தகைய மருந்தைக் குடித்தபின், முகங்களில் அச்சத்தைக் கண்டுகொள்வது குறைந்ததை ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். மனநிலை மாறுவதற்கு முன்பே உலகத்தை வாசிக்கும் விதம் மெல்ல மாறுகிறது என்பது அவர்களின் கருத்து. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

வழிமுறை இவ்வளவு நேர்த்தியாக இருப்பதால் பலனும் நேர்த்தியாக இருக்குமென்று எண்ணிவிடக் கூடாது. 2010 இல் வெளிவந்த, 105 பேரைக் கொண்ட சோதனையில், ஃபுளுஒக்செற்றினை மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதமும் மேர்ட்டசபினோடு சேர்த்து எடுத்தவர்களில் 52 சதவீதமும் முழுமையாகத் தேறினார்கள். 2018 இல் பிரித்தானியப் பொது மருத்துவர்களிடம் வந்த 480 பேரில், முதல் மருந்தோடு மேர்ட்டசபினைச் சேர்த்தபோது பொருட்படுத்தத்தக்க மேலதிகப் பலன் கிடைக்கவில்லை. 39 சோதனைகளை 2022 இல் ஒன்றுதிரட்டியபோது, மேர்ட்டசபின் போன்ற அல்பா-2 தடுப்பான்களோடு சேர்த்தல் தனி மருந்தை விட மேலென்று வந்தது. என் கணிப்பில், சேர்க்கை எல்லாருக்குமான வழியன்று. உறக்கமும் பசியும் போய், முதல் மருந்தில் பாதி தேறி நிற்கும் ஒருவருக்கு அது பொருத்தமான முயற்சி. உங்கள் அம்மாவின் நிலை நீங்கள் எழுதியதன்படி ஏறத்தாழ அதுவே.

டோபமினைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. செரட்டோனின் மருந்து எடுப்போரில் சிலர் "அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை" என்பார்கள். கோயிலில் மேளம் கேட்டும் உடல் சிலிர்க்கவில்லை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். செரட்டோனின் 2சி வழியாக டோபமின் கலங்களை அடக்குவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இத்தகையோருக்கு நோரட்ரினலினையும் டோபமினையும் தொடும் புப்ரோப்பியன் சில நாடுகளில் கொடுக்கப்படுகிறது. இன்னொரு சுவையான செய்தி: மூளையின் முன்பகுதியில் டோபமினை மீள உறிஞ்சும் பம்பிகள் மிகக் குறைவு, அங்கே அதை உறிஞ்சுவது பெரும்பாலும் நோரட்ரினலினின் பம்பியே. எனவே நோரட்ரினலினின் பம்பியை மட்டும் அடைத்தாலும் அங்கே டோபமின் சேர்ந்து கூடுகிறது. வென்லபக்சின் குறைந்த அளவில் செரட்டோனின் மருந்தாகவும், 150 மில்லிகிராமும் அதற்கு மேலும் போகும்போது நோரட்ரினலினையும் பிடிப்பதாகவும் இருப்பதால், அதே குளிசை அளவைப் பொறுத்து வேறு மருந்தாகிறது.

இந்த மூன்று கடத்திகளோடு கதை முடிவதில்லை. மூளையின் அன்றாடப் பேச்சு குளுட்டமேட் என்ற தூண்டும் கடத்தியிலும் காபாவிலும் நடக்கிறது. செரட்டோனினும் மற்றவையும் அந்தப் பேச்சின் குரலை ஏற்றி இறக்குபவை. குளுட்டமேட்டின் ஒரு வகை வாங்கியைத் தடுக்கும் கெட்டமின் சில மணித்தியாலங்களிலேயே சோர்வைத் தணிப்பது 2000 ஆம் ஆண்டில் சிறிய சோதனையொன்றில் தெரியவந்தது. அதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமினுக்கு அமெரிக்கா 2019 இல் அனுமதி வழங்கியது. விரைவான மருந்தும் மெதுவான மருந்தும் கடைசியில் நரம்பிணைப்புகளை வளர்க்கும் புரதங்களைத் தூண்டுவதில் சந்திக்கின்றன என்று பலர் கருதுகிறார்கள். ஆறு வாரத்தில் ஒரு பகுதி காவல் தளர்வதற்கும், ஒரு பகுதி புதிய இணைப்புகள் முளைப்பதற்கும் செல்கிறது போலும். கெட்டமினின் கதை உங்கள் அம்மாவின் குளிசைக்கு நேரடித் தொடர்பற்றது என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இடைத்தொடர்பு என்பது மூளைக்குள் மட்டும் நடப்பதன்று. அம்மாவுக்கு இருமல் வந்தபோது காலி வீதிக் கடையொன்றில் பாணி மருந்து வாங்கிக் கொடுத்ததாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வரட்டு இருமலுக்கான பாணிகள் சிலவற்றில் டெக்ஸ்ட்ரோமெதோர்பன் இருக்கும். அதுவும் செரட்டோனின் பம்பியைத் தடுப்பது. நோவுக்குக் கொடுக்கும் டிரமடோலும் அவ்வாறே. இவை செர்ட்ரலினோடு சேரும்போது, அரிதாக, செரட்டோனின் மட்டுமீறி, நடுக்கம், வியர்வை, காய்ச்சல், கால்கள் துடித்தல், குழப்பம் என்று ஆபத்தான நிலை வரலாம். அப்போது மறுநாள் கிளினிக்குக்காகக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா இதயத்துக்கென அஸ்பிரின் குடிப்பவராயின் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத் தட்டுகளும் உறைவதற்குச் செரட்டோனினைப் பயன்படுத்துகின்றன, அவை அதைப் பெறுவது இதே பம்பியால். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவுக்கான வாய்ப்புக் கூடும். முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்குவதும் உண்டு. புதிதாகத் தடுமாற்றமோ மந்தமோ கண்டால் வயதென்று விட்டுவிடாமல் ஓர் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

விரதம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கந்தசஷ்டி ஆறு நாளும் அம்மா தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடமாட்டார், குளிசையையும் நிறுத்துவார் என்கிறீர்கள். செர்ட்ரலின் ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. மூன்றாம் நான்காம் நாளில் தலைசுற்றும், மின்சாரம் தொட்டதுபோல் தலைக்குள் சுளீரென்னும், எரிச்சல் வரும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதென்றோ, குளிசைக்கு அடிமையாகிவிட்டாரென்றோ வீட்டில் பேச்செழும். தண்ணீரோடு குளிசையை விழுங்குவது விரதத்துக்குப் பங்கமில்லை என்று அவர் மதிக்கும் ஐயர் ஒருவரைக்கொண்டு சொல்லவைப்பது, நான் நூறு வரி எழுதுவதை விடப் பயன் தரும். முழுமையாகத் தேறிய பின்னும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைப்பதே வழமை.

தனக்கு உயிர்வாழ விருப்பமில்லை என்ற பேச்சு அம்மாவின் வாயில் எப்போதாவது வந்தால் அடுத்த தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்; தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். அது அங்கொடையில் இருப்பதால் உறவினர் என்ன சொல்வார்களோ என்று தயங்கவும் வேண்டாம்; கொழும்பில் அந்த ஊரின் பெயரை வசைச்சொல்லாக்கியது நம்முடைய வாய்தான். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, செர்ட்ரலின், மேர்ட்டசபின் அட்டைகளோடு, அம்மா குடிக்கும் பிரஷர் குளிசை, அஸ்பிரின், அந்த இருமல் பாணிப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள். தம்பியையும் அந்த நேரத்தில் தொலைபேசியில் எடுத்து, மருத்துவரிடம் நேரே கேட்கச் சொல்லுங்கள்.